மதாம் தழை

சூப்பர் மார்க்கெட்டின் குளிர்ப்பெட்டி முன்னால் நின்று ஒவ்வொரு தழைப் பொட்டலமாக எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் உறையைத் தாண்டி என்ன வாசனை வரும்? மூக்குதான் ஜில்லிட்டது. அங்கே வேலை செய்யும் பெண் வந்து, "சார், வாங்குறதா இருந்தா எடுங்க, எல்லாத்தையும் மூக்குல வைக்காதீங்க" என்றாள். நியாயம்தான். ஆனாலும் எரிச்சலாக வந்தது.

உறைமேல் பெயருக்கு விளக்கம் வேறு அச்சிட்டிருக்கிறார்கள். ரோஸ்மேரி என்றால் கடலின் பனித்துளியாம். பார்ஸ்லி பாறையில் முளைத்த செலரியாம். பேசில் ராஜாவின் இலையாம். எங்கோ கிரேக்கத்திலும் ரோமிலும் யாரோ வைத்த பெயருக்கெல்லாம் ஜாதகம் இருக்கிறது. எனக்கு வேண்டிய தழைக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, சோறுதான் இறங்கவில்லை. இப்படியே இருந்தால் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கஞ்சியைத் தள்ளிவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "வாயெல்லாம் கசக்குதுடா. மதாம் தழ ரெண்டு கிள்ளிப் போட்டு மீன் கொழம்பு வையி, ஒரு வாய் துன்றேன்."

மதாம் தழையை எந்த அகராதியில் போய்த் தேடுவது, நீங்களே சொல்லுங்கள். அம்மா அப்போது நாங்கள் இருந்த குருசுக்குப்பத்திலிருந்து மீன் கூடையைத் தூக்கிக்கொண்டுபோய் வெள்ளைக்காரத் தெருக்களில் வீடுவீடாக விற்றவள். வாடிக்கை வீட்டு மதாம், அதாவது பிரெஞ்சுக்கார அம்மா ஒருத்தி, மீனில் போட்டுச் சமைத்துப் பார் என்று ஒரு குச்சியை ஒடித்துக் கொடுத்தாள். அம்மா அதைப் பிஸ்கட் டின்னில் நட்டாள். அதிலிருந்து தெருவெல்லாம் குச்சி போனது. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. செடி யார் வீட்டிலிருந்து வந்ததோ அவர் பெயர்தான் அதற்கும். அதன் சொந்தப் பெயரை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் கொடுத்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தமாம்.

கற்பூரவல்லி எங்களுக்குத் தபால்காரர் இலை. இருமலுக்கு எது நல்லது என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டபோது, முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து "தபால்காரர் எல சார்" என்றேன். படிப்பு முடிகிறவரை என்னைத் தபால்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கறிவேப்பிலை மட்டும் எங்களிடமிருந்து தப்பித்தது. கறிக்குப் போடும் வேப்பிலை என்று பெயரிலேயே அதன் வேலை இருந்தது, எல்லார் வீட்டிலும் மரமும் இருந்தது.

சங்கரா மீன் குழம்பை இறக்கும்போது அம்மா அந்தத் தழையைப் போட்டு உடனே மூடிவிடுவாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாக்கா, சங்கராவா?" என்று குரல் வரும். ஒரு கிண்ணம் போகும்.

அப்புறம் சாக்கடை கட்ட வந்தவர்கள் வாசலில் இருந்த டின்களையெல்லாம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். ஆளாளுக்கு மாடி கட்டினார்கள், வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ போனார்கள். நாங்கள் மூலக்குளத்துக்கு வந்துவிட்டோம். ஒரு குச்சியைக்கூட யாரும் காப்பாற்றி வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துக்கொண்டோம்.

நர்சரிக்காரர், "சயின்டிஃபிக் நேம் சொல்லுங்க சார், வரவழச்சித் தர்றேன்" என்கிறார். சொந்தப் பெயர் இல்லாமல் தபால்காரர் என்றே பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான். மதாம் வீடு இப்போது காபிக் கடை. உள்ளே போய் விசாரித்தால், "எந்த மதாம் சார்? ரெண்டு பேருக்கு டேபிளா?" என்று கடைப் பையன் கேட்கிறான்.

கடைசியில் கிடைத்த பொட்டலங்களையெல்லாம் வாங்கிவந்து அம்மாவின் மூக்கருகே ஒவ்வொன்றாகக் கசக்கிக் காட்டினேன். இது இல்லை, இது இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு சலித்துப்போய், "கடையில எதுக்குடா வாங்குற? நம்ம தெருவுல போயி மதாம் தழன்னு கேளு, குடுப்பாங்க" என்றாள்.

நேற்றே போய்க் கேட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கதவைத் திறந்தவர்கள் எல்லாம் புது முகங்கள். தழையும் தெரியவில்லை, மதாமும் தெரியவில்லை. இன்றைக்கு அந்தப் பெயர் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒருத்தி சாப்பாடு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். இன்னொருவனுக்கு அந்த இலை நீளமா வட்டமா என்பதுகூட ஞாபகமில்லை.