இருபத்து மூன்று நிமிடம்

எடமலைப்பட்டி புதூரில் ஒரு மாடியில் இருக்கும் எங்கள் ஆபீஸில் நாலே பேர். சமயபுரத்து லாட்ஜ்களுக்கு ரூம் புக்கிங் மென்பொருள் எழுதுகிறோம். பைத்தான் மொழியில் எழுதிய அந்த மென்பொருளில் தேதியும் நேரமும் கணக்கிட மட்டும், வெளியாட்கள் எழுதிவைத்த மூன்று லைப்ரரி. வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததைச் செருகியிருந்தார். ஒன்று போதுமே என்று நான் சொல்லும்போதெல்லாம், "ஓடுதுல்ல, விடுங்க" என்பார் முதலாளி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா தன் மூத்த மகளுக்கு மொட்டை போட சமயபுரம் போனாள். காலை பத்து மணிக்கு எடுத்த ரூம், மறுநாள் பத்து வரை அவளுடையது. மறுநாள் மொட்டை போட்டு வந்து குழந்தையைக் குளிப்பாட்டும்போதே, நேரம் முடிந்தது என்று மெசேஜ். ரிசப்ஷன்காரர் வந்து கதவையும் தட்டிவிட்டார். அப்போது மணி ஒன்பது முப்பத்தேழு. சோப்பு நுரையோடு குழந்தையைத் துண்டில் சுற்றி வராந்தாவில் நின்றாளாம்.

எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஆபீஸ் மெசேஜ்தானடா இது?" எனக்கு அவமானமாக இருந்தது.

தேடிப் பார்த்தேன். ஒரு லைப்ரரியை நாங்கள் தப்பாகப் பயன்படுத்தியதில், அது இந்திய நேரத்துக்குப் பதிலாகக் கல்கத்தாவின் அந்தக் கால உள்ளூர் நேரத்தை எடுத்திருக்கிறது. அது நம் நேரத்தைவிட இருபத்து மூன்று நிமிடம் முந்தியது. யாரும் கேட்காத கல்கத்தா நேரத்தில் சமயபுரத்து ரூம்கள் காலியாகிக்கொண்டிருந்தன!

இரண்டு வாரம் எல்லோரோடும் மல்லுக்கட்டி, மூன்றையும் தூக்கிவிட்டுப் பைத்தானோடு வருவதை மட்டும் வைத்தேன். நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

மூன்றாம் நாள் லாட்ஜ் மேனேஜர் போன் செய்தார். "என்னங்க பண்ணீங்க? முன்னாடியெல்லாம் பத்து மணிக்கு ரூம் கூட்டிப் பெருக்கி ரெடியா இருக்கும். இப்ப பத்து மணிக்குத்தான் பெட்டியவே கட்டுறாங்க. அடுத்த பார்ட்டி வாசல்ல நிக்குது. பழையபடியே வச்சுக் குடுங்க."

அது பிழை என்று முதலாளியிடம் கத்தினேன். "கஸ்டமர் கேட்டா செஞ்சு குடுத்துருங்க" என்றார். இருபத்து மூன்று நிமிடத்தைக் கழிக்கும் வரியை நானே எழுதிச் சேர்த்தேன்.

போன வாரம் அக்கா கேட்டாள். "சின்னவளுக்கு மொட்டை போடணும். அதே லாட்ஜ்தான். இப்ப டைம் சரியாயிடுச்சாடா?"

"சரி பண்ணிட்டேன்க்கா" என்றேன். "எதுக்கும் ஒன்பதரைக்குள்ள குளிப்பாட்டிடு."