பென்சிலால் வட்டமிட்ட பக்கம்

போர் முடிவதற்கு முந்தைய கிறிஸ்மஸ் அது; நாங்கள் நத்தார் என்போம். நான் வந்தாறுமூலைக் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை விட்ட அன்று செங்கலடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, புத்தகக் கடை முன்னால் வெகுநேரம் நின்றேன். நத்தார் வாரத்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் போட்ட இதழ்கள் இரண்டு கயிற்றில் தொங்கின. எதை வாங்குவது என்று மூன்று நாளாக வீட்டில் சண்டை.

மெல்லிய இதழில் எல்லா அலைவரிசைகளின் செய்தி நேரங்களும் ஒரே பக்கத்தில் இருந்தன. அம்மாவுக்கு அதுதான் வேண்டும். அவருடைய ஒரே தங்கை, என் சின்னம்மா, இரண்டு பிள்ளைகளோடு, சண்டை நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தார். கடிதம் நின்று ஐந்து மாதம். இடம்பெயரும் சனத்தைக் காட்டும்போதெல்லாம் அம்மா திரைக்குக் கிட்டப் போய்க் குந்தி, முகம் முகமாகத் தேடுவார்.

மற்றது வழுவழுப்பான தடித்த இதழ். படங்களின் கதைச் சுருக்கம், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் என்ன வரும் என்ற விபரம் எல்லாம் அதில் இருக்கும். நான் அதைக் கேட்டேன். அப்பாவும் அதையே கேட்டதுதான் ஆச்சரியம். அவர் படம் பார்க்கிற ஆளில்லை.

"என்ட தங்கச்சி ஷெல்லுக்குள்ள கிடக்கிறாள். உங்களுக்குப் படம் கேக்குதா?" என்று அன்று காலையிலும் அம்மா கத்தியிருந்தார்.

"படத்துக்கில்ல" என்றார் அப்பா.

"ரெண்டையும் வாங்கினா என்ன?" என்றேன்.

"ஒரு டீவிக்கு ரெண்டு புத்தகமா?" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

நான் தடித்ததை வாங்கினேன். அப்பாவுக்காக அல்ல, எனக்காகத்தான்.

அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "செய்தி நேரம் எங்க புள்ள?" என்றார். நத்தார் பூசைக்குப் போய் வந்த பிறகும் அவர் அப்பாவோடு பேசவில்லை. அலைவரிசைகளை மாற்றிக்கொண்டேயிருந்தார். எனக்கு ஒரு படமும் முழுதாகக் கிடைக்கவில்லை. அப்பா வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை அம்மா இதழை என்னிடம் நீட்டினார். இருபத்தாறாம் திகதிப் பக்கத்தில் நான்கு பென்சில் வட்டங்கள்.

"இஞ்ச பார், உன்ட அப்பா எத்தினை படம் பார்க்கப் போறார் எண்டு."

வாசித்தேன். ஒன்றும் படமில்லை. நான்கும் சுனாமி நினைவு நிகழ்ச்சிகள். அலை வந்த காட்சிகள் காட்டப்படும் என்று கீழே எழுதியிருந்தது.

செங்கலடிக்கு வருமுன் நாங்கள் கடற்கரையோரம் இருந்தவர்கள். அந்தக் காலையில் அப்பாவும் அவருடைய தம்பியும் கைபிடித்துத்தான் ஓடினார்கள். தண்ணீர் வடிந்தபோது அப்பா ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்தபடி தனியே நின்றார்.

அம்மா கிணற்றடிக்குப் போனார். "எனக்கிட்டச் சொல்லியிருக்கலாம்தானே?"

"என்னத்தச் சொல்லுற? அந்த நேரங்களில டீவிய நிப்பாட்டி வைக்கலாமெண்டு பார்த்தன். எப்ப தண்ணியக் காட்டுவான் எண்டு தெரியாம இருக்க ஏலாது எனக்கு."

முதல் வட்டம் ஒன்பது மணிக்கு. அதற்குச் சற்று முன் அம்மாவே எழுந்து டீவியை நிறுத்தினார். மற்ற வட்டங்களுக்கும் அப்படியே. மாலையில் அவர் செய்தி பார்க்கும் நேரமும் ஒரு வட்டத்துக்குள் போய்விட்டது. அம்மா இருக்க முடியாமல் வேலிப் படலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போய் மெல்லிய இதழை வாங்கி வந்தார்.

"இதில ஏழு மணிக்கு ஒரு செய்தி கிடக்கு. அதப் பார்."

ஏழு மணிச் செய்தியே அலையோடுதான் தொடங்கியது. எந்த இதழிலும் அது போட்டிருக்கவில்லை. அம்மா நிறுத்தப் பாய்ந்தார்.

"விடு" என்றார் அப்பா. "பிறகு உன்ட சனத்தையும் காட்டுவான்."

நிலத்தைப் பார்த்தபடி அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். வன்னிச் சனத்தையும் காட்டினார்கள். சின்னம்மா அதில் இல்லை.

போர் முடிந்த பின் வவுனியா முகாமிலிருந்து யாரோ ஒருவரின் போனில் சின்னம்மா பேசினார். அப்பாவும் அம்மாவும் பார்க்கப் போனார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டத்தில் அவரை அடையாளம் கண்டது அப்பாதான். மூத்த பிள்ளை மட்டுமே கூட நின்றது. சின்னவனைப் பற்றி இருவரும் கேட்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது, சின்னவனை எப்படிப் பறிகொடுத்தார் என்று சின்னம்மா தானாகவே சொன்னார்.