வெயிலில் விடாத பதினொரு நாட்கள்

2000ஆம் ஆண்டு மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றில் ஒன்பது வாளி. சவரம். பாணும் சம்பலும். ஏழு இருபதுக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். இராணுவச் சோதனைச்சாவடியில் இருபத்தைந்து நிமிடம். எட்டே காலுக்கு இரண்டாம் ஆண்டுக்கு வகுப்பு. பத்து மணிக்குத் தேநீர், சீனி குறைவு. பிற்பகல் இரண்டு மணிக்குப் பெண்கள் முன்னேற்றக் குழுக் கூட்டம்.

அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவும் வரிசையாக இருக்கிறது. வவுனியாவில் அப்போது நாங்கள் படிப்பித்த சிறிய பொறியியல் கல்லூரி இப்போது இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு சுற்றுநிருபத்தால் உண்டானது அந்தக் குழு. பொறியியல் துறைகளில் பெண்கள் முன்னேற ஆண் விரிவுரையாளர்கள் ஊக்கத்தோடு பங்குபற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. எங்களுக்கு ஊக்கத்தில் குறைவில்லை. துறைத்தலைவர், கொங்கிறீற்றுப் பாடம் எடுப்பவர், இயந்திரப் பாடம் எடுப்பவர், நான் என்று நாலு பேரும் அன்றைக்கே உறுப்பினரானோம். துறையில் படிப்பித்த ஒரே பெண்ணைக் கூட்டக்குறிப்பு எழுதப் போட்டோம். அவருடைய கையெழுத்து நல்லது.

அவர் தற்காலிக உதவி விரிவுரையாளர். பூவரசங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். இரண்டு வருடம் முடிந்திருந்தது. நிரந்தர நியமனத்துக்கான படிவம் வெள்ளிக்கிழமை தபாலில் போக வேண்டும். பிந்தினால் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுப்பார்கள். இது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். எல்லோரும் அவருக்கு நல்லதே நினைத்தோம்.

முதல் ஒரு மணித்தியாலம் திரைச்சீலை பற்றிப் போனது. பெண் மாணவிகள் ஓய்வெடுக்கும் அறைக்கு நீலமா பச்சையா என்று தலைவர் கேட்டார். பச்சை என்று தீர்மானித்தோம். துறையில் மாணவிகள் மூன்று பேர். அவர்கள் அந்த அறையில் ஓய்வெடுத்ததை நான் ஒருநாளும் காணவில்லை.

அடுத்ததாக, ஒவ்வொரு ஆண் விரிவுரையாளரும் இதுவரை செய்த பங்களிப்பைச் சொல்ல வேண்டும் என்று சுற்றுநிருபம் கேட்டிருந்தது.

கொங்கிறீற்றுக்காரர் தொண்டையைச் செருமினார். "நான் நாலு தரம் இந்தத் தங்கச்சிக்குப் பதிலா பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு களவேலைக்குப் போனனான். குளக்கட்டிலை நிண்டு பாருங்கோ, தலை வெடிக்கும். ஒரு பொம்பிளைப் பிள்ளையை அதுக்கை விடலாமே?"

"நான் மூண்டு தரம்," என்றார் இயந்திரக்காரர். "அதிலை ஒண்டு காய்ச்சலோடை."

"காய்ச்சலையும் போடுங்கோ பிள்ளை," என்றார் தலைவர், குறிப்பு எழுதுபவரைப் பார்த்து. அவர் எழுதினார்.

என் முறை வந்தது. நான் திகதிகளோடு சொன்னேன். நானும் நாலு தரம். அதோடு துறையின் வகுப்பு நேரசூசி போடுவது நான்தான் என்பதால், அவருக்கு வரைதல் வகுப்பு எப்போதும் மின்விசிறி உள்ள அறையிலேயே கிடைக்கும்படி பார்த்துக்கொண்டதையும் சேர்த்தேன். அதைச் சொல்லும்போது எனக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

"பிள்ளை, நீங்களும் ஏதும் சொல்லுங்கோவன்," என்றார் தலைவர். "உங்களுக்காகத்தானே கூட்டம்."

"நான் கதைச்சால் ஆர் சேர் குறிப்பு எழுதுறது?"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டலாமா என்று கேட்டார், தலைவர் தலையாட்டினார்.

"நாலு, மூண்டு, நாலு. மொத்தம் பதினொண்டு. ரெண்டு வருசத்திலை எனக்கெண்டு போட்ட களவேலையும் பதினொண்டுதான்." பக்கத்தில் இருந்த நியமனப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இதிலை ஒரு கேள்வி இருக்கு. வேறை விரிவுரையாளர் உடன் இல்லாமல் தனியாக நடத்திய களவேலை எத்தினை நாள்? ஒரு நாளாவது இல்லாட்டிப் படிவத்தைப் பாக்கவே மாட்டினம். நான் என்ன எழுத?"

கொங்கிறீற்றுக்காரர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்கள் ஒரு நல்ல கடிதம் தருவம். பண்பான ஆள், ஒரு கதை பேச்சில்லை எண்டு."

"அதுக்கு இதிலை கட்டம் இல்லை, சேர்."

"வெயில் தங்கச்சி..."

"காலமை ஒரு மணித்தியாலம் செக்பொயின்ற் வரிசையிலை நிக்கிறன். அங்கை எனக்குப் பதிலா ஒருத்தரும் வந்து நிக்கேல்லை."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. குறிப்பில் எழுதலாமா என்று கேட்பவர் போல பேனையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இயந்திரக்காரர் தேநீர் வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்தார்.

நான் என் நேரசூசியை விரித்தேன். வெள்ளிக்கு முன் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு களவேலை: மறுநாள் புதன், ஊருக்குப் பக்கத்துக் குளக்கட்டில் மட்டம் பார்ப்பது. அதில் என் பெயர் இருந்தது. அளவைக் கருவி கொண்டுபோகச் சோதனைச்சாவடியில் காட்டும் கடிதமும் என் பெயரில்தான் தட்டச்சாகியிருந்தது. அந்தக் கடிதம் இல்லாமல் மட்டக்கருவியின் முக்காலியோடு போனால் எந்தச் சென்றிக் காவலரணிலும் நிறுத்தி விடுவார்கள். அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்து என் பெயரை வெட்டி அவருடைய பெயரை எழுதினேன். கடிதத்தைப் புதிதாக அடிக்கக் கொடுத்தேன். தலைவர் கையெழுத்திட்டார். இரண்டு நிமிடமும் ஆகவில்லை. இரண்டு வருடமாக இதைச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதற்கு நாட்குறிப்பில் பதில் இல்லை.

கூட்டம் முடிந்தது என்று நினைத்தேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் பக்கம் திரும்பினார்.

"எண்டாலும் தனிய விடுறது சரியில்லை. பிள்ளையள் பதினாலு பேர், குளக்கட்டு, சென்றிக்காரர். நீங்கள் ஒருக்கா சைக்கிளிலை பின்னாலை போங்கோ மாஸ்ரர். தள்ளி நிண்டு பாத்தால் போதும்."

"பாத்தால் அது தனியா நடத்தினது இல்லை, சேர்," என்றார் அவர்.

"அவர் பேசாமல்தானே நிப்பார். மரத்துக்குக் கீழை."

"மரத்துக்குக் கீழை நிண்டதெண்டு நான் படிவத்திலை எழுதோணும்."

தலைவர் நல்ல மனிதர். ஒரு சொல்லுக்கு மறுசொல் கேட்டுப் பழக்கமில்லாதவர். "பாதுகாப்பு விசயத்திலை நான் விட்டுக்குடுக்க மாட்டன்," என்று எழுந்தார். கொங்கிறீற்றுக்காரர், பெண்களின் பாதுகாப்பும் ஒரு தீர்மானமாகக் குறிக்கப்பட வேண்டும் என்றார். குறிக்கப்பட்டது. நான் போக வேண்டும் என்பதும் குறிக்கப்பட்டது, அவருடைய நல்ல கையெழுத்திலேயே. குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் "ஓம்" என்று தலைவருக்குச் சொன்னேன். இருபத்திரண்டு வருட வேலையில் தலைவருக்கு நான் வேறு சொல் சொன்னதில்லை. அன்றும் சொல்லத் துணிவு வரவில்லை.

இரவு எட்டரைக்குச் சாப்பாடு, புட்டு. ஒன்பது மணிக்குப் படுத்தேன்.

மார்ச் 15, புதன். ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றடிக்குப் போகுமுன், முதல் வேலையாக, சைக்கிளின் பின்சில்லுக் காற்றைத் திறந்துவிட்டேன். சத்தம் நிற்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தேன். பிறகு, அரைகுறையாக விடக்கூடாது என்று, முன்சில்லையும் திறந்தேன்.