உறைபனியில் சேஃப்டி ஷூ

சவுதியில், ஜுபைலில் ஒரு பிளான்ட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தினமும் வேலை தொடங்கும் முன், 'வழுக்கும் இடத்தில் கவனம்' என்று நாற்பது பேருக்குப் பேப்பரைப் பார்த்து வாசிப்பேன். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நானும்தான்.

போன டிசம்பர் லீவில், என் ரூமில் தங்கியிருக்கும் செல்வத்தோடு வடக்கே, குளிர்காலத்தில் பனி விழும் தபூக் பக்கம் மலையேறப் போனேன்.

"அண்ணே, மேல தண்ணி உறைஞ்சு கெடக்காம்" என்றான்.

"எண்ணெயிலயே வழுக்காத ஷூடா இது!" என்று என் சேஃப்டி ஷூவைக் காட்டினேன்.

வெயில் படாத ஒரு வளைவில் பாதை லேசாக ஈரமாக இருப்பதுபோல்தான் தெரிந்தது. கால் வைத்தேன். மல்லாந்து விழுந்து, முழங்கை கிழிய விளிம்பை நோக்கிச் சறுக்கினேன். பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு கல்லில் குதிகால் முட்டி நின்றது. அதற்கப்பால் பள்ளம்.

"அசையாதீங்கண்ணே!"

ஐஸில் பிடிப்புக் கிடைக்க, செல்வம் பையிலிருந்த கம்பளி சாக்ஸை ஷூவுக்கு மேல் மாட்டிக்கொண்டான். அடிமேல் அடிவைத்து வந்து, மஃப்ளரை நீட்டி என்னை இழுத்தான்.

இப்போதெல்லாம் பாதையில் ஐஸ் என்று கேள்விப்பட்டாலே திரும்பிவிடுகிறேன். காலையில் பேப்பர் வாசிப்பதும் இல்லை. முழங்கைத் தழும்பைக் காட்டி, விழுந்த கதையைச் சொல்கிறேன்.

நாற்பது பேரும் குனிந்து, காலடித் தரை வழுக்குமா என்று பார்க்கிறார்கள்.