ஒஸெல்லா பிறந்த நாள்

ஒஸெல்லா பிரீனுக்கு எங்கள் ஊரில் யாரிடமும் பயம் கிடையாது. வீட்டு முன்னறையில் இரும்புச் சீப்பைச் சூடாக்கி, எங்கள் கறுப்பினப் பெண்களின் சுருட்டை முடியை நீட்டிவிடுவது அவள் தொழில். எந்த வெள்ளைக்காரராலும் அவளை வேலையைவிட்டுத் துரத்த முடியாது. நானோ வெள்ளைக்கார வீட்டில் சமையல்காரி. அவள் நீதிமன்றப் படியேறும்போதெல்லாம் சாலைக்கு மறுபக்கமே நின்றுகொள்வேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வாக்காளர் பட்டியலில் தன் பெயர் ஏற வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். லூசியானாவில் எங்கள் மாவட்டத்தில் பாதிக்கு மேல் நாங்கள்தான் இருந்தோம். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டிலும் பட்டியலில் எங்களில் ஒருவர்கூட இல்லை.

பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை திறக்கும். படிவத்தில் வயதை இத்தனை வருடம், மாதம், நாள் என்று எழுத வேண்டும். பதிவாளர் ஹாலிஸ் எங்களைக் கவிழ்ப்பது அங்கேதான். இன்றைய நாளைச் சேர்த்து எண்ணினால் சேர்க்கக் கூடாது என்பார். சேர்க்காமல் விட்டால் ஏன் விட்டாய் என்பார். ஒஸெல்லாவின் படிவத்தை ஐந்து முறை கிழித்துக் குப்பையில் போட்டார், பாவி.

இத்தனைக்கும் தான் பிறந்த தேதி அவளுக்கே தெரியாது. பருத்தி வெடிக்கும் காலம் என்று அம்மா சொன்னதோடு சரி. செப்டம்பரில் ஒரு தேதியை அவளாகவே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை என் தலையை வாரும்போது கேட்டாள்.

"வெர்டி, நான் என்னைக்குப் பொறந்தேன்னு யாருக்காவது தெரியுமா?"

"உனக்கே தெரியாது, ஊருக்கு எப்படிக்கா தெரியும்?"

"அப்ப வர்ற திங்கக்கிழமை பொறந்துக்கறேன்."

அப்படியே செய்தாள். நாற்பத்தொரு வருடம், பூஜ்யம் மாதம், பூஜ்யம் நாள். சேர்க்கவோ விடவோ நாள் ஒன்றுகூட மிச்சமில்லை. போன தடவை வேறு தேதி எழுதினாயே என்று ஹாலிஸ் முறைத்தாராம்.

"அந்தப் படிவம் இருந்தா காட்டுங்க ஐயா," என்றாளாம் இவள், வெகு மரியாதையாக.

பின்னால் நின்ற வெள்ளைக்கார விவசாயிக்கு அவசரம். "பொறந்தநாள்ங்கிறா, குத்தி அனுப்புய்யா. வயல்ல எனக்குப் பருத்தி கெடக்கு," என்று அவர் அலுத்துக்கொள்ள, முத்திரை விழுந்தது. வெளியே வந்தவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சாலையைக் கடந்து போய் நானும் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் விஷயம் பரவியது. அக்டோபர் முதல் திங்களன்று பத்தொன்பது பேர் வரிசையில் நின்றோம். அத்தனை பேருக்கும் அன்றுதான் பிறந்தநாள். மூன்றாவது படிவத்தைப் பார்த்ததும் ஹாலிஸ் நிமிர்ந்து, நாலாவதாக நின்ற என்னைப் பார்த்தார்.

"நீயும் இன்னைக்குத்தான் பொறந்தியா?"

"ஆமாங்க ஐயா."

அவர் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போனார். ஒஸெல்லா எங்களைக் கலைய விடவில்லை. அடுத்த முறை திறக்கும்போதும் இதே வரிசைதான் என்று ஒவ்வொருவரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை என் எஜமானி சமையலறைக் கதவைத் திறக்கவில்லை. பிறந்தநாளைப் பற்றிப் பொய் சொல்பவளை வீட்டுக்குள் விட முடியாதாம். பதினோரு வருடம் அவளுக்கு நான்தான் பிறந்தநாள் கேக் செய்தேன். என் பிறந்தநாள் எது என்று அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.