கதவுக்குப் பூசிய மெழுகு

நடுவீட்டில் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் மரக்கதவு இறுகிவிட்டது. மிட்சுயோ இரண்டு கையாலும் பிடித்து இழுத்த பிறகுதான் தரைச்சட்டத்தின் பள்ளத்தில் நகர்ந்தது. தள்ளுகதவு இறுகினால் அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். கூரைமேல் பனி ஏறி உத்தரத்தை அழுத்துகிறது. யாராவது மேலே ஏறி வெட்டித் தள்ளியாக வேண்டும்.

யார் ஏறுவது? போன குளிர்காலத்தில் புருஷன் செய்ஜி ஏறினார், சறுக்கினார், இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். இப்போது அந்தக் கதவுக்குப் பின்னாலிருக்கும் அறையில், அடியில் சூடேற்றும் கணப்பு மேசைக்குள் காலை நீட்டி, கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்து, நாள் முழுக்க அதிகாரம்தான்.

"கதவு மட்டும் இறுகட்டும், அடுத்த நிமிஷம் மேல ஏறிடுவேன். என் வீட்டுக் கூரைக்கு எவன் தயவும் வேணாம்!"

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இதே பேச்சு. பிடிவாதக்கார மனுஷன், ஏறினாலும் ஏறிவிடுவார். இன்னொரு தரம் விழுந்தால் ஆள் தேறமாட்டார். அதனால் அவர் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, சாமி மாடத்திலிருந்த மெழுகுவர்த்தியை எடுத்துக் கதவுப் பள்ளம் முழுக்கத் தேய்த்தாள் மிட்சுயோ. கதவு வழுக்கிக்கொண்டு ஓடியது. இறுகினால்தானே அவருக்குத் தெரியும்!

கடலோர ஊரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள் அவள். அன்றிலிருந்து இந்தப் பாழாய்ப்போன பனியோடுதான் மாரடிக்கிறாள். ஊறுகாய்த் தொழிற்சாலைக்குப் போகுமுன் வாசல் பனியை வெட்ட வேண்டும், திரும்பி வந்ததும் மறுபடி வெட்ட வேண்டும். சமைத்தால் வயிறாவது நிறையும். இந்த வேலையில் என்ன மிச்சம்? வசந்தம் வந்தால் எல்லாம் தண்ணீராய் ஓடிவிடும். டோக்கியோவிலிருக்கும் மகன் போன் பண்ணும்போதெல்லாம், "வீட்ட வித்துட்டு இங்க வந்துடுங்கம்மா" என்பான். பனியில் புதைந்த வீட்டை எந்த மடையன் வாங்குவான்?

கூரைப் பனி வெட்டும் கூலியாட்களோ நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். மிச்சம் இருந்தது பக்கத்துவீட்டுக் குவாபரா. அவரிடம் போய் நிற்க அவளுக்கு முகமில்லை. தெருவோர வாய்க்காலில் பனியைத் தள்ள வீட்டுக்கு வீடு முறை உண்டு. அந்த ஆள் தன் முறை வருமுன்பே கட்டி கட்டியாகக் கொட்டியதில் வாய்க்கால் அடைத்து, தண்ணீர் மிட்சுயோவின் வாசலுக்குள் வந்துவிட்டது. "இனிமே உங்க வீட்டுப் பனிய உங்க சோத்துப்பானையில கொட்டுங்க!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டாள்.

மெழுகு பூசி மூன்றாம் நாள், ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது. காலையில் கதவு அசையவே இல்லை. ஜன்னல்களுக்கெல்லாம் குளிர்காலப் பலகை அடித்திருந்தது. செய்ஜி உள்ளே மாட்டிக்கொண்டார்.

"நல்லா தள்ளுங்க!"

"தள்ளிக்கிட்டுதான் இருக்கேன்! நீ இழு!"

மேலே உத்தரம் சடசடத்தது. முகமாவது மண்ணாவது! அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

குவாபரா சூப் குடித்துக்கொண்டிருந்தார். "வாம்மா மகராசி. சோத்துப்பானைய எட்டிப் பாக்க வந்தியா?"

"அண்ணே, அவரு உள்ள மாட்டிக்கிட்டாரு. கூரை சத்தம் போடுது."

கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். "கதவு எப்பலேர்ந்து இறுகுது?"

"ரெண்டு மூணு நாளா… மெழுகு பூசி வச்சிருந்தேன்."

"மெழுகா? கூரை கனத்தா அந்தக் கதவுதான்டி சொல்லணும். அது வாயப் பொத்தி வச்சியா? உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

திட்டிக்கொண்டே கயிறும் மண்வெட்டியும் எடுத்தார். தனியாக யாரும் கூரை ஏறுவதில்லை. எதிர்வீட்டு ஆளையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் பனிக்கட்டிகள் தொப்தொப்பென்று விழ ஆரம்பித்தன.

மிட்சுயோ கதவோரம் வந்து நின்றாள். "எல்லாம் உங்களாலதான்! ஏறித் தொலைச்சிடுவீங்களோன்னு பயந்துதான் மெழுகு பூசினேன்."

உள்ளேயிருந்து செய்ஜி சொன்னார்: "தெரியும். பள்ளத்துல வெள்ளையா தெரிஞ்சுது."

"தெரியுமா? அப்புறம் ஏன் வாயே தொறக்கல?"

"கதவு இறுகினா ஏறுவேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சுட்டேனே… ஏணிய நெனச்சாலே கால் நடுங்குது மிட்சுயோ. நீ வேலைக்குப் போனப்புறம் தெனமும் நானும்தான் பூசினேன்."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன அவளுக்கு. கதவை ஓங்கி ஓர் உதை விட்டாள். அது இன்னும் அசையவில்லை.