சிற்றாற்றுத் தண்ணீரும் சிவப்புக் குச்சிகளும்

1962, சாரல் காலம். தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் முத்துவடிவு மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தாள். நீலப் பரப்பில் மூன்று சிவப்புக் குச்சிகள். காசக் கிருமி.

கண்ணாடிச் சில்லில் தடவியிருந்த சீழ் மெஹர் பானுவுடையது. நெசவுக்காரர் வீட்டு மருமகள், வயது இருபத்தாறு. இடது மார்பில் கல் போல ஒரு கட்டி. மானம் போய்விடும் என்று நாலு மாதம் பற்றுப் போட்டே வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். மானத்துக்கு வலிக்குமா? வலித்தது அவளுக்கு. கடைசியில் சர்ஜன் பார்த்து, புற்று என்று முடிவு செய்து, வியாழக்கிழமை மார்பை எடுக்க நாள் குறித்தார். புருஷனிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காசம் என்றால் ஊசியிலும் மாத்திரையிலும் தீரும். கத்தி வேண்டாம்.

முத்துவடிவு பத்து வருஷமாக அங்கே சளியும் சீழும் பார்க்கிறவள். அந்த வேலையைக் கேட்டே பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனதுண்டு. ரிப்போர்ட் எழுதப் பேனாவைத் திறந்தவள் மூடிவிட்டாள். குச்சிகள் மூன்றும் சீழை விட்டு விலகி, வெறும் கண்ணாடியில் கிடந்தன. பானுவின் கிருமி என்றால் சீழுக்குள் அல்லவா இருக்க வேண்டும்?

சீழே தடவாத ஒரு கண்ணாடிச் சில்லில் சாயம் ஏற்றி, வழக்கம்போலக் குழாய்த் தண்ணீரில் கழுவிப் பார்த்தாள். அதிலும் இரண்டு குச்சிகள்.

குழாயில் வருவது குற்றாலத்திலிருந்து இறங்கி வரும் சிற்றாற்றுத் தண்ணீர். பைத்தியம்கூடத் தெளியும் என்று ஊரே தலையில் ஊற்றிக்கொள்கிற தண்ணீர். காசக் கிருமியைப் போலவே சிவக்கிற வேறு கிருமிகள் அதில் இருந்தன. உண்டு என்று எழுதி, கட்டி புற்றாக இருந்தால் பானு செத்துப்போவாள். இல்லை என்று எழுதினால் மார்பு போகும். கிருமியை வளர்த்துப் பார்க்க ஆறு வாரம் ஆகும். அன்று புதன்கிழமை.

"கொழாயைக் குத்தஞ் சொல்லுதியா?" என்றார், அவள் போய்ச் சொன்னதைக் கேட்ட சர்ஜன். "நாளைக்கு எட்டு மணிக்குள்ள சரியான சில்லைக் கொண்டா, பாக்கேன்."

வார்டில் பானு முத்துவடிவின் முந்தானையைப் பிடித்தாள். "யக்கா, என்னத்த வெட்டப் போறாவ? யாரும் சொல்ல மாட்டேங்காவ."

முத்துவடிவு மறைக்காமல் சொன்னாள். "புத்தா காசமான்னு எனக்கே இன்னும் தெரியல, பானு. தெரிஞ்சா மொதல்ல ஒங்கிட்டதான் சொல்லுவேன்."

பஸ் ஸ்டாண்டு அருகே கார் பேட்டரிக் கடைக்கு ஓடினாள். காய்ச்சி வடித்த தண்ணீர் அங்கேதான் கிடைக்கும்.

"என்ன தாயி, ஆஸ்பத்திரிக்குக் காரு வாங்கியாச்சா?" என்றார் கடைக்கார இசக்கியப்பன்.

"பேச நேரமில்ல அண்ணாச்சி, பாட்டிலைத் தாரும்."

அந்தத் தண்ணீரிலேயே சாயங்களையும் புதிதாகக் கலந்தாள். வெறும் சில்லு சுத்தமாக இருந்தது. பிறகு சீழ். ஜன்னல் வெளிச்சத்தை நம்பிய மைக்ராஸ்கோப்; மேகம் மூடும்போதெல்லாம் காத்திருந்து, விலகியதும் இஞ்ச் இஞ்சாகத் தேடினாள். ஐந்து மணிக்கு மேல், சீழணுக்களின் கும்பலுக்கு நடுவே, லேசாக வளைந்த இரண்டு சிவப்புக் குச்சிகள். இன்னொரு சில்லிலும் ஒன்று.

முதலில் வார்டுக்குத்தான் போனாள்.

காலையில் சர்ஜன் மூன்று சில்லுகளையும் வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஆபரேஷன் சீட்டைக் கிழித்துவிட்டு, காசத்துக்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி எழுதினார்.

இரண்டு மாதத்தில் கட்டி இளகியது. மாமியார் ஹாஜரா பீவி பூரித்துப்போனாள். "அருவித் தண்ணில அரைச்சுப் பத்துப் போட்டேம்லா, அதான் கேட்டிருக்கு!"

"அந்தத் தண்ணிதான் பெரியம்மா, காசக் கிருமி மாதிரி வேசம் போட்டு என்னைய ஏமாத்தப் பாத்துது" என்றாள் முத்துவடிவு.

பானு வாய்விட்டுச் சிரித்தாள். முத்துவடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேசையில் பழைய ரிப்போர்ட் நோட்டு திறந்து கிடந்தது; அதில் எத்தனை பேருடைய குச்சிகள் குழாயிலிருந்து வந்தவையோ. 'கிருமி உண்டு' என்று பத்து வருஷமாகத் தான் எழுதிய ஒவ்வொருவருக்கும், மறுபடி வந்து காட்டச் சொல்லி அவள் கார்டு எழுதிக்கொண்டிருந்தாள்.